இடது புருவம்

பகல் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, ரயில் முன்பதிவுக் கவுண்ட்டரை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, ஜங்ஷன் எதிரில் ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து ஜன்னலோரம் உட்கார்ந்ததும் செங்கமலம் செய்த முதல் காரியம் இடது புருவத்தைத் தூக்கிப் பார்த்ததுதான். தூக்கிய மாதிரி இருந்தது. நிஜமாகவே தூக்கியதா, மனசுதான் அப்படிச் சொல்கிறதா என்பதைக் கண்ணாடி இல்லாமல் கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழி உண்டு. முந்தானையால் வியர்வை ஒற்றுகிற பாவனையில் இரண்டு புருவத்தின் மேலும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொண்டு மறுபடி தூக்க வேண்டும். தூக்கினாள். வலது விரல் மேலே போயிற்று. இடது விரல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் அடியில் யாரோ புரண்டு படுத்ததுபோல ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான். நேற்றும் இவ்வளவுதான், போன வியாழக்கிழமையும் இவ்வளவுதான். ஜனவரியில் ஒரு காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானாக வழிந்து ரவிக்கையை நனைத்ததே, அன்றைக்கு இதுகூட இல்லை. அன்றைக்குக் கண் மூடவில்லை, உதடு குவியவில்லை, 'பரஞ்சோதி' என்று புருஷன் பெயரைச் சொல்லப் போய் 'ப' வரவில்லை. முகவாதம் என்றார் டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை, முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, பக்கவாதம் இல்லை. அவளுக்கு அந்த இரண்டாவது சமாதானம் எட்டவேயில்லை, ஏனென்றால் அவள் மனசு அப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறையில் இருந்தது. புருவம் தூக்காமல் எப்படி ஆடுவது? மாத்திரை, மின்சாரம் வைப்பது, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கன்னத்தை ஊதுவது, விசில் அடிப்பது. அவள் வாழ்நாளில் விசில் அடித்ததில்லை, நாற்பத்து நாலு வயதில் பிசியோதெரபிக்காரர் சொல்லிக்கொடுத்துக் கற்றுக்கொண்டாள், அதுவும் பாதிக் காற்றுதான். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் மேடம், பொறுமையா இருங்க. காதுக்குப் பின்னாலிருந்து புருவம் வரைக்கும் நூலை வைத்து அளந்து பார்த்தாள், பன்னிரண்டு சென்டிமீட்டர் வந்தது. நூற்றிருபது நாள். ஆனால் இப்போது அக்டோபர், நூற்றிருபது நாள் இரண்டு தடவை போயாகிவிட்டது, அந்த நரம்பு எங்கே போய் நிற்கிறது? வாய்க்கு வரவேண்டியது கண்ணுக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். அதனால்தான் சிரிக்கும்போது இடது கண் தானாகச் சுருங்குகிறதாம். கோயம்புத்தூர் பெட்டியை ராமேஸ்வரம் வண்டியில் மாட்டிவிட்டால் உள்ளே இருக்கிற ஜனங்கள் பாவம் என்ன செய்வார்கள், அது பாட்டுக்குக் கடலைப் பார்க்கப் போகும். உதட்டை ஒரு ஓரமாக மட்டும் விரித்துச் சிரித்துப் பார்த்தாள். கண் சுருங்கியது. பஸ் பாலக்கரையில் நின்றது.

பஸ் கிளம்பியபோது அவளுடைய கால் இரண்டும் சீட்டுக்கு அடியில் தாளம் தட்டிக்கொண்டிருந்தன. அவை எப்போது ஆரம்பித்தன என்று அவளுக்குத் தெரியாது. ஒன்பது வருஷமாக அவை அப்படித்தான், கவுண்ட்டர் மேஜைக்கு அடியிலும் தட்டும். பக்கத்துக் கவுண்ட்டர் புஷ்பராணி ஒருநாள் கவலையோடு குனிந்து, "அவசரம்னா போயிட்டு வாயேன், நான் பாத்துக்கறேன்" என்றாள். அந்தக் கவுண்ட்டரில்தான் எல்லாம் தொடங்கியது. சிதம்பரத்துக்குப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு டிக்கெட் எடுக்க ஒரு பெண் வந்து நின்றாள், இருபத்தேழு இருபத்தெட்டு வயசிருக்கும், இறுக்கக் கட்டிய பருத்திப் புடவை, பேப்பரில் வரிசையாகப் பெயர்கள். எதுக்கும்மா இவ்வளவு பிள்ளைங்க என்று செங்கமலம் வழக்கமில்லாத வழக்கமாகக் கேட்டாள். டான்ஸ் ஆடப் போறோம் என்றாள் அந்தப் பெண். செங்கமலம் டிக்கெட்டை அச்சடித்து வெளியே தள்ளினாள். தள்ளிய பிறகு, "பெரியவங்களுக்கும் சொல்லிக் குடுப்பீங்களா?" என்றாள். மைக் போட்டிருந்தது, அதை அவள் மறந்துவிட்டாள். வரிசையில் நின்ற நாற்பது பேரும் கேட்டார்கள். "எந்தப் பெரியவங்க?" என்றாள் அந்தப் பெண் துவாரத்தில் குனிந்து. "நான்தான்." வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை, "எழுந்து நில்லுங்க" என்றாள். செங்கமலம் எழுந்து நின்றாள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அரசாங்க நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு. "முட்டி வலி இருக்கா?" "இல்ல." "வியாழக்கிழமை வாங்க." அவள்தான் தேன்மொழி டீச்சர். முப்பத்தைந்து வயதில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, முழங்கால் இரண்டையும் பக்கவாட்டில் மடித்து அரைமண்டியில் உட்கார்ந்தபோது தொடை நடுங்கிய நடுக்கம். இது எதற்கு, யாருக்காக என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை, அவளே கேட்டுக்கொண்டாள். பதில் காலில் வந்தது. ஆறு மாதம் கழித்து ஒருநாள் பாதம் முழுசாகத் தரையில் விழுந்தது, முன்பாதமும் குதிகாலும் ஒன்றாக, ஒரே சத்தம், அந்தச் சத்தம் தலைக்குள் போய் அடங்கியது. அதுவரைக்கும் தலையை ஆபீசுக்குத் தூக்கிப் போகிற வண்டியாகத்தான் உடம்பை வைத்திருந்தாள். கால் வந்துவிட்டது, கை வந்துவிட்டது, முகம்தான் வரவில்லை. ஐந்தாவது வருஷம் அபிநயம் ஆரம்பித்தபோது தேன்மொழி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அக்கா, சோகம் காட்டுங்கன்னா நீங்க காட்டறது வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டுன்னு சொல்ற முகம்." உண்மைதான். பதினைந்து வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, இல்லை, வெயிட்டிங் லிஸ்ட், அடுத்த ஆள் என்று சொல்லிச் சொல்லிப் பதப்பட்ட முகம். அதைத் திறக்க மூன்று வருஷம் ஆயிற்று. போன அக்டோபரில் அவளுக்கென்று ஒரு பதம் கொடுத்தாள் தேன்மொழி, அவளே எழுதி மெட்டுப் போட்டது. அதில் ஒரே ஒரு வரி, 'வந்தால் வரட்டும் தோழி', அதைப் பத்து விதமாகக் காட்ட வேண்டும். கோபமாக, அலுப்பாக, அழுகையை விழுங்கிக்கொண்டு, வாசலை எட்டிப் பார்த்துவிட்டுப் பார்க்காதவள் மாதிரி. ஆறாவது வெட்கம். பார்வை அவன் வருகிற பக்கம் கிளம்ப வேண்டும், பாதி வழியில் நிற்க வேண்டும், திரும்பி வந்து தரையில் விழ வேண்டும், அதற்குள் ஒரு சிரிப்பு ஆரம்பித்து முடியாமலே நின்றுவிட வேண்டும். டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை அந்த வெட்கம் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது, கல்யாணத்தன்றுகூட வராத வெட்கம். தேன்மொழி தட்டுக்கழியை ஒரு தாளம் தட்டாமல் விட்டுவிட்டு, "ம்" என்றாள். ஒன்பது வருஷத்தில் தேன்மொழி வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அந்த 'ம்'. மூன்று வாரம் கழித்து வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது.

மார்க்கெட்டில் கூட்டம் ஏறியது. காலிக் கூடையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒரு கீரைக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள், அவளிடமிருந்து வெந்தயக் கீரை வாசனையும் வெயில் வாசனையும் வந்தன. செங்கமலம் ஜன்னல் பக்கம் திரும்பி, பார்வையைக் கிளப்பி, பாதி வழியில் நிறுத்தி, திரும்பக் கொண்டுவந்து கீழே போட்டாள். "கண்ணுல தூசி விழுந்துருச்சா தாயி?" என்றாள் கீரைக்காரம்மா. இல்லம்மா. "பின்ன ஏன் அந்தக் கண்ணு அப்படிச் சுருங்குது?" "முகவாதம் வந்துச்சும்மா, சரியாயிட்டு வருது." "அட, அப்படியா? தெரியவே இல்லையே! நீ சொல்லலைன்னா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது." செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்தது. இப்போதுதானே கேட்டாய், கண்ணு ஏன் சுருங்குதென்று. எல்லோரும் அப்படித்தான், பத்து மாதமாக ஊரே சேர்ந்து சொல்கிறது, தெரியவே இல்லை. புஷ்பராணி சொல்கிறாள், டாக்டர் எண்பது சதவீதம் என்கிறார், எதில் எண்பது, எந்த இருபது பாக்கி என்று சொல்வதில்லை. பரஞ்சோதி தினமும் சொல்கிறார், "அப்படியே பழைய முகம்." நல்ல மனுஷன். இரண்டு மாதம் தினமும் படுக்கப் போகும்முன் சொட்டு மருந்து விட்டு, மூடாத அந்தக் கண்ணை இழுத்து மூடி, மேலே சின்னத் துண்டு பிளாஸ்திரி ஒட்டினாரே, அவர் கை எப்பேர்ப்பட்ட கை, லேத்தில் இரும்பு கடைகிற கை, இமையில் ஒரு மயிர்கூடப் பிய்ந்ததில்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போது இருபது வருஷமாக அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவர் இப்போது வலப்பக்கம் உட்காருகிறார். அவருக்கே தெரியாமல் மாறிவிட்டது. அவள் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி இடப்பக்கம் வந்து உட்காருவார், அவருக்குச் சோறு இறங்காது. "எங்க போற?" "டான்ஸ் கிளாஸுக்கு." "பொண்ணைக் கூட்டியாரவா?" "இல்லம்மா, நான் கத்துக்க." கீரைக்காரம்மா அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். "கத்துக்க, கத்துக்க. சும்மா குந்தியிருந்து என்ன ஆகப்போவுது" என்று சொல்லிவிட்டுக் கூடையின் மேல் கை வைத்துத் தூங்கிவிட்டாள். சத்திரம் தாண்டியது. பாலத்தில் ஏறியதும் காற்று ஜன்னல் வழியாக மொத்தமாக உள்ளே வந்தது. ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது, பழுப்பாக, அவசரமில்லாமல். காற்று பட்டதும் இடது கண்ணில் நீர் கோத்தது, அது அழுகை இல்லை, நோய் விட்டுப்போன ஒரு பழக்கம், வெந்நீர் குடித்தாலும் வரும். துடைத்துக்கொண்டாள். பயப்படுகிறோமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள், ஆமாம் என்றுதான் தோன்றியது. எதற்கு? வராது என்பதற்கா? வராது என்பது அவளுக்குத் தெரியும், விரல் வைத்துப் பார்த்தாகிவிட்டதே. ஏப்ரலில் மறுபடி வகுப்புக்குப் போனபோது காலைத் திருத்தினாள் தேன்மொழி, முழங்கையைத் திருத்தினாள், அபிநயம் ஆரம்பித்ததும் "அக்கா, நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்றாள். அந்தக் குரல் வகுப்புக் குரல் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "எல்லாம் சரியாயிடும்க்கா" என்று சொன்ன குரல். ஆறு மாதமாக அந்தக் குரல்தான். போன வாரம் செங்கமலமே கேட்டாள், டீச்சர், நம்ம கிளாஸ் விழாவுக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு, அந்தப் பதம்? தேன்மொழி கைபேசியைப் பார்த்துக்கொண்டே, "வர்ற வியாழக்கிழமை ஆடிக் காட்டுங்க, பாத்துட்டு சொல்றேன்" என்றாள். யாழினிக்கும் அந்தப் பதம் தெரியும், பதினேழு வயசு, புருவம் இரண்டும் வில் மாதிரி. யாழினிக்குப் போனால் போகட்டும், அதில்கூட ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் ஆடி முடித்ததும் தேன்மொழி அந்த ஆரஞ்சுப் பழக் குரலில் "சூப்பர்க்கா" என்று சொல்லிவிட்டால்? விழாவில் மைக் பிடிக்கிறவர், நோயை வென்று மேடை ஏறும் சகோதரி என்று ஏதாவது சொல்லி, ஆடுவதற்கு முன்னாலேயே எல்லோரும் கைதட்டிவிட்டால்? அதுதான் பயம். ஊரில் எல்லோரும் சொல்லட்டும். உள்ளதைச் சொல்ல ஒரு இடமாவது மிச்சம் இருக்க வேண்டாமா? திருவானைக்காவில் கீரைக்காரம்மா விழித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவள் போல, "வரேன் தாயி" என்று இறங்கிப் போனாள்.

மாடி அறையில் அன்றைக்கு அவர்கள் மூன்று பேர்தான். சிவப்புத் தரையில் தேன்மொழி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், முன்னால் பலகை, கையில் தட்டுக்கழி. யாழினி சுவரோரம் காலை நீட்டிக்கொண்டிருந்தவள் செங்கமலத்தைப் பார்த்ததும் மடக்கிக்கொண்டாள். செங்கமலம் உடை மாற்றி, இடுப்பை இறுக்கி, தரையைத் தொட்டு வணங்கி நடுவில் நின்றாள். "நடுவுல நிறுத்த மாட்டேன். முழுசா பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் தேன்மொழி பாட ஆரம்பித்தாள். முதலில் கோபம் வந்தது, அது நெஞ்சிலிருந்து கிளம்பித் தோளில் நின்றது. அலுப்பு தானாக வந்தது, கவுண்ட்டரில் இத்தனை வருஷம் சேர்த்து வைத்தது. மூன்று, நான்கு. ஜன்னல் வழியாக விழுந்த வெயில் பாதத்தில் சுட்டது, நகர்ந்துகொண்டாள். அழுகையை விழுங்கியபோது இடது கண் உதவிக்கு வந்து நீர் கோத்தது, அது நோயா நடிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. ஐந்தாவதில் வாசலை எட்டிப் பார்த்தாள், அங்கே நிஜமாகவே யாரோ வரப்போகிற மாதிரி இருந்தது. ஆறு. பார்வையைக் கிளப்பினாள். உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருந்தது, உள்ளே அவளுக்கு இரண்டு புருவமும் இருந்தன, உள்ளே டிசம்பர் மாதத்து வெட்கம் பழையபடி முழுசாக எழுந்து வந்தது, பாதி வழியில் நின்றது, சிரிப்பு ஆரம்பித்தது, அந்தச் சிரிப்பு ஆரம்பித்த கணத்திலேயே இடது கண் மூடிக்கொள்ளத் தொடங்குவதை உணர்ந்தாள், உணர்ந்ததும் கழுத்து தானாக ஒரு பக்கம் திரும்பியது, அந்தப் பாதி முகம் சுவரைப் பார்க்கும்படி. தாளம் நிற்கவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்பதில் வலது புருவம் மட்டும் தனியாக ஏறி நின்றது, அவள் சொல்லாமலே. பத்து. கை கூப்பி நின்றபோது மூச்சு வாங்கியது. கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். தேன்மொழி தட்டுக்கழியைப் பலகை மேல் குறுக்காக வைத்தாள், நேராக்கினாள், மறுபடி குறுக்காக வைத்தாள். இதோ சொல்லப் போகிறாள், சூப்பர்க்கா. செங்கமலம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா."

"சொல்லுங்க டீச்சர்."

"வெட்கம் வரல."

செங்கமலம் நிமிர்ந்தாள்.

"கண்ணடிக்கிற மாதிரி இருக்கு. வெட்கப்படறவ கண்ணடிக்க மாட்டா. அதுகூடப் பரவால்ல, அதை மறைக்கறேன்னு கழுத்தைத் திருப்புறீங்க பாருங்க, அது அசிங்கமா இருக்கு. கழுத்து கோணுது, தோள் தூக்குது, மொத்த உடம்பும் பொய் சொல்லுது."

"டீச்சர்..." என்று யாழினி எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீ சும்மா இரு. அவங்க எங்கிட்ட கத்துக்க வந்தவங்க." தேன்மொழியின் குரல் லேசாக உடைந்து, உடனே சரியாயிற்று. "ஆறு மாசமா சொல்லணும்னு இருந்தேன்க்கா. தைரியம் வரல, அதான் உங்களை உக்கார வெச்சேன். என் தப்பு."

செங்கமலத்துக்கு உள்ளங்கால் வழியாகச் சிவப்புத் தரையின் குளிர்ச்சி ஏறி வந்துகொண்டிருந்தது, முழங்கால் வழியாக, வயிறு வழியாக. அசிங்கம். பத்து மாதத்தில் யாரும் சொல்லாத சொல், இத்தனை பேர் அன்பாகச் சுற்றி நின்று அவளிடமிருந்து மறைத்து வைத்திருந்த சொல், கடைசியில் ஒருத்தி எடுத்து நடுத்தரையில் வைத்துவிட்டாள், அது இவ்வளவு சின்னதாகவா இருக்கிறது? அதைக் காலால் தாண்டிப் போய்விடலாம் போலிருந்தது. அழ வேண்டும் என்று தோன்றவில்லை. பசித்தது.

"அப்ப அதை எடுத்துடலாமா டீச்சர்? ஒன்பது போதுமா?"

"எடுத்துடலாம். இல்லேன்னா வேற எதுலயாவது கொண்டு வாங்க. கையில, கால் விரல்ல, மூச்சுல, எங்கன்னு எனக்குத் தெரியாது. இந்த மாதிரி ஒரு முகத்துக்கு எனக்கு யாரும் சொல்லித் தரல. மூணு வாரம் இருக்கு. வரலைன்னா எடுத்துடுவேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"சரி."

"கழுத்து திரும்பக் கூடாது."

"சரி டீச்சர்."

தேன்மொழி தட்டுக்கழியை எடுத்தாள், ஆறாவது வரியை மட்டும் பாடினாள். செங்கமலம் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு பார்வையை அங்கேயே நிறுத்திவிட்டு, வலது காலின் பெருவிரலை மட்டும் தரையில் மெல்ல இழுத்தாள். "இல்ல" என்றாள் தேன்மொழி. அடுத்த தடவை விரலை விட்டுவிட்டு, முந்தானை நுனியைத் தேடிப் போன கை நடுவழியில் வேலை மறந்து நின்றது. "இல்ல. பழைய காலத்துப் படம் மாதிரி இருக்கு." யாழினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செங்கமலமும் சிரித்தாள், நேராக, இரண்டு பேரையும் பார்த்து; கண் அது பாட்டுக்குச் சுருங்கியது, சுருங்கட்டும் என்று விட்டாள். மூன்றாம் தடவை ஒன்றுமே செய்யாமல் மூச்சை மட்டும் உள்ளே இழுத்து, வெளியே விட மறந்தவள்போல நின்றாள். தேன்மொழி தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கி, வெகு நேரம் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "ஆனா கிட்ட இருக்கு. திரும்பவும்."